லிஃப்ட்டில் தொங்கிய என் பூட்டு

எனக்கு நாற்பத்திரண்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "தினமும் நடங்க, நல்லா தூங்குங்க" என்றார். அதே வாரம் மச்சான், "எத்தனை நாளைக்கு ஸ்பேனரோட சுத்துவீங்க மாப்பிள்ளை? பாதுகாப்பு ஆய்வாளர் பரீட்சை எழுதுங்க. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிங்க" என்றார். மச்சான் என் மனைவியின் அண்ணன். கம்பெனியில் எனக்கு மேலதிகாரியும் அவர்தான். நாலு மணிக்கு எழுந்துகொண்டு நன்றாகத் தூங்குவது எப்படி என்று இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க ஆசை.

கேட்கவில்லை. ஒரு கால அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாலை ஆறிலிருந்து ஏழு வரை பூங்காவில் நடை, நடக்கும்போதே காதில் பாடம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனைவிக்கு எட்டரையிலிருந்து ஒன்பது வரை.

"எனக்கு அரை மணி நேரமா? பரவாயில்லையே, பல்லு தேய்க்கப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க" என்றாள். அது கிண்டலா, பாராட்டா என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு வருடத்தில் நான்கு கிலோ குறைந்தேன். அழுத்தம் மட்டும் குறைய மாட்டேன் என்றது. மாதிரித் தேர்வில் எண்பதுக்குக் கீழே வாங்கியதில்லை, ஆனால் குளியலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று நின்றிருக்கிறேன். நான் வளர்கிறேனா, தேய்கிறேனா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை முடிந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் ஓடும் பள்ளத்துக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். முதலாளியே வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

வியாழக்கிழமை ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. கிரீஸ் போட்டு முடித்து மேலே ஏறி வந்தேன். ஐந்தே முக்காலுக்கு நடை அலாரம் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாவி என் பாக்கெட்டில், பூட்டு சுவிட்சில்.

மூன்றாவது சுற்றில் பூங்கா வாசலில் மனைவியைப் பார்த்தேன். செருப்பு ஒரே ஜோடி இல்லை, ஒரு காலில் ஒரு விதம், மறு காலில் வேறு விதம். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எத்தனை தடவை நடக்கக் கூப்பிட்டிருப்பேன், இன்றைக்காவது வந்தாளே என்று சந்தோஷம்தான். பாடம் ஓடும்போது போன் அழைப்புகளை அணைத்து வைத்துவிடுவேன். அது முடியும் தறுவாயில் இருந்தது. ஐந்து விரலை விரித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறு என்று அர்த்தம். வீட்டில் தினமும் காட்டுவதுதான். அவள் யாருக்கோ போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாடம் முடிந்து போனேன். "வா, ரெண்டு ரவுண்டு நடக்கலாம்."

"உங்க பூட்டு தொங்குதாம். வாட்ச்மேன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கார், உள்ள சத்தமே இல்லையாம். எத்தனை தடவை போன் பண்ணேன், எடுக்கல. அண்ணன் டார்ச்ச எடுத்துக்கிட்டுப் பள்ளத்துக்குள்ள இறங்கிட்டார், உங்களைத் தேட." நிதானமாகத்தான் சொன்னாள். "நான் அட்டவணையைப் பார்த்துட்டு இங்க ஓடி வந்தேன். உயிரோட இருக்கீங்கன்னு இப்பதான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

"அடிப்பாவி, வந்ததுமே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கதான் கையைக் காட்டுனீங்களே."

கோபமாகத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

கட்டடத்துக்கு ஓடினோம். லிஃப்ட் ஓடாததால் படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மச்சான் சட்டையெல்லாம் கிரீஸோடு நின்றார். ஓங்கிய கையைப் பாதியில் இறக்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். பூட்டைத் திறந்தேன்.

"நான் பதிவேட்டுல எதையும் எழுதல" என்றார், காதோரமாக. பன்னிரண்டு மாதத்தில் ஒரு பாதுகாப்புத் தவறு பதிவாகியிருந்தாலும் பரீட்சை எழுத விட மாட்டார்கள். "ஒரு வருஷப் படிப்பு மாப்பிள்ளை. வாயை மூடிக்கிட்டுப் போய் எழுதுங்க."

நல்ல மனுஷன், தங்கைக்காகச் சொல்கிறார். ஆனால் மற்றவர்களின் பூட்டைச் சரிபார்க்கும் வேலைக்குத்தானே இந்தப் பரீட்சை? பரீட்சை எழுதினால் பொய்யன், எழுதாவிட்டால் முட்டாள். தவறைப் பதிவு செய்யும் படிவம் ஒன்றை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் தேதி, நேரம், இடம் எல்லாம் நிரப்பிவிட்டேன். 'தவறுக்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. 'படிப்பு' என்று எழுதி அடித்தேன். 'உடற்பயிற்சி' என்று எழுதி அடித்தேன். இரண்டும் நல்ல விஷயம், எதன் மேல் பழி போடுவது?

"காரணம் என்னன்னு எழுத?" என்றேன்.

மனைவி தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஆள் இல்லைன்னு எழுதுங்க. ஒரு வருஷமாவே இல்லை."

அப்படியே எழுதினேன், இரண்டு வரியையும். காலையில் மச்சானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டுப் பதிவில் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பரீட்சை இல்லை. நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுவதா, தூங்குவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏதாவது பேசலாம் என்று வாயைத் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.