நூற்றைத் தொடும் நேரம்

ஸ்டெப்னி டயரை இறக்கிச் சாலையோரம் வைத்தான் ரிஜோ. பிறகு ஜாக்கி, குடை, சுஜியின் பை. கடைசியாக, "நீயும் எறங்கு" என்றான்.

இன்னும் திறக்காத நாலுவழிச் சாலை. நிழலுக்கு ஒரு பனையைக்கூட விட்டுவைக்காமல் வெட்டியிருந்தார்கள். சுஜியின் அப்பா ராஜையன் குலசேகரம் ஆஸ்பத்திரியில், இரண்டு நாளாக ஐ.சி.யு.வில் கிடக்கிறார். நாலிலிருந்து ஐந்து வரைதான் உள்ளே விடுவார்கள். காலையில் கண் திறந்தவர், மகள் கையால் ரெண்டு வாய் கஞ்சிவெள்ளம் வேண்டும் என்றாராம். டாக்டரும் சரி என்றுவிட்டார். பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டுதான் புதுக்கடை வீட்டிலிருந்து வந்தாள். மணி மூன்றரை.

"திரும்பி வரும்போ பாத்தா போராதா?"

"அப்ப நடக்க வாறவங்க கூடிருவாவ. அஞ்சு நிமிஷம், கேட்டியா."

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த கையோடு காரின் எஞ்சினில் என்னவோ செய்து வேகம் கூட்டியிருந்தான். அதை நிரூபிக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர். கண்ணாடியில் ஒட்டினால் போதும், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று சொல்லிவிடும். வாட்ஸ்அப் குழுவில் சிஜோ என்பவன் பத்தேகால் நொடி போட்டிருந்தான். அதிலிருந்து ரிஜோவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமனார் கிடந்த கிடப்பில் அவனுக்கு ஒருவேளைச் சோறுகூடக் குறைந்ததில்லை.

"ஒனக்கே அறுபத்தெட்டு கிலோ. அது அர செக்கண்ட தின்னும்" என்றபடி பிளாஸ்கையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். தன் போனில் சார்ஜ் இல்லை என்று, பதிலுக்கு அவள் போனை வாங்கிக்கொண்டான். மீட்டரை வீடியோ எடுக்க வேண்டும், நடுவில் யாரும் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாது என்று ஏரோபிளேன் மோடில் போட்டான்.

போகும்போது இறக்கம், ஒன்பது புள்ளி எட்டு. வரும்போது ஏற்றம், பத்து புள்ளி ஒன்பது. இரண்டு பக்கமும் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் குழுவில் ஒப்புக்கொள்வார்கள். சராசரி சிஜோவை வெல்லவில்லை. காருக்குள் விரித்திருந்த மிதியடிகளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி போனான். வந்து, டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி போனான். சுஜி வெயிலில் நின்று, இந்த மனுஷனோடு ஆறு வருஷம் படுத்தெழுந்த தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு இருபதுக்குச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். "பத்து புள்ளி ரெண்டு. சிஜோ தூக்குல தொங்குவான்."

போனை வாங்கி உயிர்ப்பித்தாள். தம்பி ஜெபிஷ் பதினோரு முறை கூப்பிட்டிருந்தான். பிறகு ஒரு மெசேஜ்: 'அப்பா போயிட்டாங்க. 4.05. கடைசி வர உன்னயதான் கேட்டாங்க.'

ரிஜோ ஸ்டெப்னியைத் தூக்கினான். "ஏறு, அஞ்சுக்குள்ள கொண்டு சேத்திருவேன். இன்னொரு ஓட்டம் கெடச்சா பத்துக்கு உள்ள வந்திருக்கும். நேரந்தான் இல்ல."

"நேரம் இருக்கு. ஓட்டிட்டு வாங்க."

அவ்வளவு பிரியமாக அவன் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. ஸ்டெப்னியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினான். இந்த ஒரு ஓட்டத்தைச் சாகும்வரை அவன் மறக்கக் கூடாது என்று நினைத்தாள். கார் உறுமிக் கிளம்பியது.

ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.