படிவளைவில் அப்பா

"நில்லுங்க, நில்லுங்க, தூக்காதீங்க!" என்று அர்கிரோ கத்துவதற்குள் பெட்டியின் முனை படிவளைவின் சுவரில் இடித்துவிட்டது. பெட்டிக்குள் அவள் அப்பா.

இந்த வீட்டுக்குப் படம் போட்டவள் அவளேதான். கடலைப் பார்த்துச் சரிகிற நிலம். ரோடு மேலே, வாசலும் கூடமும் மேலே, படுக்கையறைகள் கீழே. இந்தக் கிரேக்கத் தீவில் சரிவில் கட்டும் பெரிய வீடுகளெல்லாம் இப்படித்தான். தூங்குவதற்கு இறங்கிப் போக வேண்டும். குறுகலாக இறங்கி ஒரே திருப்பாகத் திரும்பும் அவளுடைய வெள்ளைப் படியில் மயங்கித்தான் ஏதென்ஸ்காரர் வ்ரெட்டோஸ் தன் வில்லா வேலையை அவளிடம் கொடுத்தார். அச்சு அசலாக அதே படி வேண்டுமாம். படம் இன்றைக்குப் போயாக வேண்டும். அதற்குள் நேற்று அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

காலிப் பெட்டியை நிமிர்த்திச் சுலபமாக இறக்கிவிட்டார்கள். ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நிமிர்த்த முடியுமா என்ன?

"லேசா சாய்ச்சுப் பாக்கலாமாம்மா?" என்றார் பெட்டிக்காரர் பந்தெலிஸ்.

"ஐயோ, வேண்டாம்! சரிஞ்சிடுவாரு."

"அப்ப ஜன்னல் வழியா?"

"அது திறக்காது. கீழ வெறும் பாறை."

அண்ணன் லெவ்தேரிஸ் பெட்டியைத் தாங்கியபடியே திரும்பினான். "ஒயினுக்குத் தனி ரூம், துண்டுக்குத் தனி அலமாரி. எல்லாத்தையும் யோசிச்ச மகராசி, இத யோசிக்கலியாடி?"

யோசிக்கவில்லை. யார் யோசிப்பார்கள்? மாதா கோயில் மணி மறுபடியும் அடித்தது. ரோட்டில் ஊரே நிற்கிறது. அப்பாவை வெளியே கொண்டுபோகவே முடியாமல் போய்விடுமோ? கடலைப் பார்த்துக்கொண்டு படுக்கட்டும் என்று அவரை வம்படியாகக் கீழே கொண்டுவந்தவளும் அவள்தான்.

"எறக்குங்க," என்றான் லெவ்தேரிஸ். "நான் தூக்கிக்கிறேன்."

"எப்படிண்ணா?"

"கையிலதான். நீ காலப் பிடி."

அண்ணன் அக்குளில் கைகொடுத்துப் பின்புறமாகவே படியேறினான். அவள் முழங்கால்களை அணைத்துப் பிடித்தாள். வளைவில் வேறு வழியில்லை, அப்பாவை நிற்கவைக்க வேண்டியிருந்தது. லெவ்தேரிஸ் அவரை மார்போடு கட்டிக்கொண்டான். தலை அவன் தோளில் விழுந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா," என்றான். "இந்தா, வந்துட்டோம்."

அர்கிரோவுக்கு அழுகை முட்டியது. கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் அழவும் முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காலிப் பெட்டியை நிமிர்த்தி ஏற்றி, கூடத்தில் அவரைப் பழையபடி அதில் கிடத்தும்போது போன் அடித்தது. வ்ரெட்டோஸ். எடுக்காவிட்டால் விடமாட்டார்.

"படிப் படம் இன்னும் வரலியே?"

"மாத்தணும் சார். வளைவ அகலமாக்கணும்."

"என்னம்மா இது! அந்தப் படிக்காகத்தானே உங்களப் பிடிச்சேன்? ஒயின் ரூம் வேற சின்னதாயிடும்."

"கீழ் ரூம்ல யாரு சார் இருக்கப்போறாங்க?"

"எங்கம்மாதான். காலையில கண்ணு முழிச்சா கடல் தெரியணுமாம் அவங்களுக்கு."

அவள் படிவளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா? எதுக்கு அகலமாக்கணும்?"

"கட்டில் பெருசா இருந்தா ஏத்தி எறக்கணும் இல்லையா சார். அதுக்குத்தான்."

அப்பாவின் கறுப்புக் கோட்டில், தோள்பட்டையில், படிச்சுவரின் சுண்ணாம்பு அப்பியிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அதைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.