டாக்டர் வந்தால் வெளியே

“டாக்டர் உள்ள வந்ததும் எங்களை வெளிய அனுப்பக் கூடாது, மேடம். குழந்தை பிறந்து முடியற வரைக்கும் நாங்க கூடவே இருக்கணும்.”

இதை மட்டும் எந்தக் காலத்திலும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று அவள் கேட்டேவிட்டாள். தலைமை நர்ஸான மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ பிரசவத் துணை. இடுப்பைப் பிடிச்சு விடு, தண்ணி குடு, தைரியம் சொல்லு. அதோட சரி. புதுசா வந்த ரெண்டு பேருக்கும் அதையே சொல்லிக் குடு. பயிற்சியாளர் பதவி உனக்குத்தான்.”

பதவியாம்! வீட்டில் முதல் பட்டதாரி அவள். படித்த பெண் பிரசவ வார்டில் போய் நிற்கிறாளே என்று மூக்கைச் சிந்தும் அம்மா, இதைக் கேட்டால் தெருவெல்லாம் தம்பட்டம் அடிப்பாள்.

ஆனால் மனசு அக்காவின் பிரசவத்துக்கு ஓடியது. சின்ன ஆஸ்பத்திரி, சாயம் போன பச்சைத் திரை, கிறீச்சிடும் மின்விசிறி. இவளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். அக்காவுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று தானும் புஸ் புஸ்ஸென்று ஊதி, தலை சுற்றிக் கட்டிலோரம் சரிந்தாள்.

“ஐயோ, யாராவது இவளைப் பிடிங்களேன்! பெக்கறது நானா, இவளா?”

வலியின் உச்சத்தில் அக்கா போட்ட கத்தலில் நர்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் குழந்தை வந்துவிட்டது. அப்போதும் அக்கா வலியில் இறுக்கிப் பிடித்திருந்த இவள் ஜடையை விடவில்லை. ஒரு வாரம் உச்சந்தலை விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியைப் போல ஒரு சுகம் பிறகு வாய்க்கவேயில்லை. அன்றிலிருந்து வேறு வேலை எதுவும் அவளுக்கு வேலையாகத் தோன்றவில்லை.

போன வாரம் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணும் இவள் கையை அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு இவள் வெளியேற வேண்டியிருந்தது. “அக்கா, எங்க போறீங்க?” என்ற அலறல் மூடிய கதவைத் தாண்டி வந்தது.

“பதவி வேண்டாம், வேலையையே விட்டுடறேன், மேடம்.”

“உணர்ச்சிவசப்படாதே. நாளைக்கு யோசிச்சுச் சொல்லு,” என்றார் மேட்ரன்.

“போன வாரமே யோசிச்சாச்சு, மேடம். பிடிச்ச கையை உதறிட்டு வர்றது எப்படின்னு என்னால யாருக்கும் சொல்லிக் குடுக்க முடியாது.”

வராந்தாவில் புதியவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். மூத்தவள் மூன்று பிள்ளை பெற்றவள், வாய்த்துடுக்கு.

“என்ன டீச்சரம்மா, மூஞ்சி செவந்திருக்கு? அடிச்சீங்களா, வாங்கினீங்களா?”

“வேலையை விட்டுட்டேன்கா. கடைசி வரைக்கும் உள்ள இருக்க விடற ஆஸ்பத்திரியாப் பார்த்துப் போறேன்.”

“அடிப்பாவி! அப்போ எங்க கதி?”

“வர்றதுன்னா வாங்க. எங்க இருந்தாலும் சொல்லித் தர்றேன்.”

ஆஸ்பத்திரியில் தன் அலமாரியைக் காலையிலேயே காலி செய்து, பையை வாசல் காவலரிடம் கொடுத்து வைத்திருந்தாள். அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.