போதும் என்று சொல்லாத கார்

எங்கள் ஊரில் உயர்ந்த ரகக் கார்களை நாம் போய்ப் பார்ப்பதில்லை. அவைதான் வீட்டுக்கு வந்து நம்மைப் பார்க்கும். பிடித்தால் இடது இண்டிகேட்டரை இரண்டு முறை போடும். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் ரிவர்ஸ் எடுத்துப் போய்விடும்.

எதிர்வீட்டு டாக்டரின் முகத்துக்கு நேரே ஒரு கார் அப்படிப் போய்விட்டது. அதனிடமே மைலேஜ் கேட்டாராம். படித்தவருக்கு இது தெரியாதா என்று தெருவே பேசியது.

எனக்குக் கார் தேவைப்பட்டது என் மனைவி சுலோசனாவுக்காக. அவள் தூங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. அவளுக்குக் கட்டிலில் தூக்கம் வராது. ஓடும் வண்டியில், சத்தமில்லாமல், காலை நீட்டிப் படுத்தால்தான் வரும். விழித்திருக்கும் அவள் பக்கத்தில் நான் தினமும் குறட்டை விட்டுத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முதலில் ஒரு பெட்ரோல் காரை வைத்துப் பார்த்தோம். கண் சொருகும் நேரத்தில் என்ஜின் உறுமி எழுப்பிவிட்டது. அடுத்து முழு மின்சாரக் கார். சூலூர் வரை பூப்போல ஓடியது. அவள் ஒரு கனவைத் தொடங்கிய இடத்தில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. அந்தக் கனவின் மிச்சம் என்ன என்று அவள் பல மாதம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டும் சேர்ந்த கார் ஒன்று இருக்கிறது என்றார் தரகர் நாச்சிமுத்து. வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றலாம், அது தீர்ந்தால் பெட்ரோல் தாங்கிக்கொள்ளும். கூரை பின்பக்கம் வரை நீண்ட எஸ்டேட் வகை. ஆள் படுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு அது வந்தது. ராகுகாலம் இல்லாத நேரமாகப் பார்த்திருந்தார்கள். கரும்பச்சை நிறம். தெருமுனையில் முன்பக்கம் திரும்பி வெகுநேரம் கழித்துத்தான் பின்பக்கம் திரும்பி முடித்தது. அவ்வளவு நீளம், அதில் ஒரு இடத்தில்கூட அலட்டல் இல்லை. நான் வாய் பிளந்து நின்றேன். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

நாச்சிமுத்துவுக்கு வாழைக்காய் பஜ்ஜி வைத்தோம். காருக்குக் கரண்ட் கொடுத்தோம். போர்டிகோவில் இருந்த பிளக்கில் சுலோசனாவே கேபிளைச் சொருகி, "வெக்கப்படாம எடுத்துக்கங்க" என்றாள்.

கார் வீட்டை நிதானமாகப் பார்த்தது. பிறகு முகப்பு விளக்கை ஒருமுறை சிமிட்டியது. நாச்சிமுத்து பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, பின்னாடி எதைய ஏத்துவீங்கன்னு கேக்குதுங்க."

பெட்டிகள், கோல்ஃப் மட்டை என்று சொல்லும்படி நாச்சிமுத்து எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சுலோசனா முன்னால் வந்தாள்.

"என்னையத்தானுங்க. நாலு வருசமாத் தூக்கமே இல்லீங்க. செத்த நேரம் காலை நீட்டிப் படுக்கோணும்."

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய காரிடம் இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே. கார் அசையவில்லை. ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

பின்கதவு மெல்ல மேலே எழுந்தது. பின் இருக்கைகள் தாமாகவே மடிந்து படுத்தன. அதன் பிறகுதான் இண்டிகேட்டர் இரண்டு முறை எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே கிளம்பினோம். சுலோசனா தலையணையுடன் ஏறிப் படுத்தாள். கேபிளை எடுக்கட்டுமா என்று காரைப் பார்த்தேன். அது போதும் என்று சொல்லவில்லை. விருந்தாளி போதும் என்று சொல்வதற்கு முன் பரிமாறுவதை நிறுத்தும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்படியே விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் அவள் மூச்சு மாறியது. பல்லடத்தில் சிரித்தாள். அந்தப் பழைய கனவைத்தான் விட்ட இடத்திலிருந்து பிடித்திருக்க வேண்டும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. எந்த டிரைவரிடமும் நான் இத்தனை பக்குவத்தைப் பார்த்ததில்லை.

சார்ஜ் தீர்ந்து பெட்ரோல் என்ஜின் எப்போது உறுமுமோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. தாராபுரம் வந்தது. சார்ஜ் நூறு சதவீதத்திலேயே நின்றது. ஏனோ வளைவுகளில் மட்டும் கார் அளவுக்கு மீறி அகலமாகத் திரும்பியது.

கண்ணாடியில் பார்த்தேன். கேபிள் விறைப்பாக நீண்டிருந்தது. அதன் மறுமுனையில் எங்கள் வீடு தன் பாதையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. போர்டிகோவில் பஜ்ஜித் தட்டுடன் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

எங்களை முந்த வந்த பஸ் ஹார்ன் அடிக்காமல் வீட்டுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டது.