இரண்டு வெள்ளை

மாமியாரின் விரல்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான் மருமகன். அவன் மடியில் வண்ணப் பெட்டியின் மூடி. அதில் நீலத்தையும் சாம்பலையும் குழைத்துப் பார்த்த ஈரத் திட்டுகள், ஒன்றுகூடச் சரியாக அமையாமல் கிடந்தன.

"நீலம் தூக்கலா இருக்கு மாப்பிள்ளை," என்றாள் அத்தை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "நகத்துக்கு அடியில நல்லா பாருங்க. துளி சிவப்பு ஒளிஞ்சிருக்கு."

அவன் தூரிகை நுனியில் சிவப்பைத் தொட்டும் தொடாமலும் எடுத்துக் கலந்தான். மூடியை அவள் நகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். அவள் இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"வலது ஒத்துக்கிச்சு. இடது இன்னும் முரண்டு பண்ணுது."

மாத்திரையும் வெந்நீருமாக உள்ளே வந்த அவன் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அம்மாவின் விரல் நுனிகள் நேற்றிலிருந்து நீலம் பாரித்துவருவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இதயம் தளர்ந்துபோய் ரத்தத்தைக் கடைசி வரை தள்ள முடியாமல் திணறுகிறது, இனி நாள் கணக்குத்தான் என்று மருத்துவர் முந்தின வாரமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நீலத்தையே இவர்கள் இருவரும் உட்கார்ந்து வண்ணம் குழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் கலர் பேசிக்கிட்டே இருங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அம்மா போயிடுவாங்க."

டம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவள் சரக்கு லாரி புக்கிங் அலுவலகத்தை நடத்துகிறவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்பது அவளுக்கு விரல் நுனியில் இருக்கும். பழுதானால் சரிசெய், முடியாவிட்டால் வேறு வண்டி அனுப்பு. அப்படிப் பழகியவளுக்கு, ஒன்றும் செய்யாமல் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்ற வேலை கைவரவில்லை. அவள் அம்மாவோ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒரு வேலையைத்தான் செய்துவந்தாள்.

பணிக்காலம் முழுவதும் பொதுப்பணி அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் அத்தை. சாக்கடை, சிறு பாலம், மதகு, மறுபடி சாக்கடை. எல்லாம் கறுப்பு மை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை கடைக்குப் போனவள் காய்கறிப் பையில் வண்ணப் பெட்டியோடு திரும்பி வந்தாள். காய்கறி வரவில்லை. "இத்தனை வருஷமா கோடு போட்டாச்சு. இனிமே உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்," என்றாளாம். அன்றிலிருந்து மாடி வராந்தாவிலோ, ரயில் பாதையோரத்து ஓடைப் பக்கத்திலோ மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பாசி பிடித்த மதகுச் சுவரை வரைந்தாள். அந்த மதகே அவள் காகிதத்தில் பிறந்ததுதான் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. காக்கையைக் கறுப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவாள். புறாவின் கழுத்தோடு மட்டும் ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டித் தோற்றாள். தோற்றதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். "அது கழுத்துல கலரே இல்ல மாப்பிள்ளை. நான் எங்க நிக்கிறேனோ அங்கதான் இருக்கு," என்று போன் போட்டுச் சொன்னாள்.

அவனுக்குத்தான் போன் போடுவாள், மகளுக்கு அல்ல. அவன் செயற்கைப் பல் செய்யும் கூடம் வைத்திருந்தான். நூறு பேர் வாயில் நூறு வெள்ளை. பக்கத்துப் பல்லோடு ஒட்டும்படி அந்த வெள்ளையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. கல்யாணம் ஆன புதிதில் மாமியாரும் மருமகனும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தைக்கு மேல்வரிசைப் பற்கள் விழுந்து, அவன் பல்செட் செய்து கொடுத்தபோதுதான் பேச்சு தொடங்கியது. சண்டையாகத்தான் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது பல்லு இல்ல, பாத்ரூம் டைல்ஸ்," என்றாள். தொழிலில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. ரோஷத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டு போனவன், அவள் வயதுக்கு ஏற்ப ஈறோரம் மஞ்சள் கொஞ்சம், நுனியில் மேகச் சாம்பல் கொஞ்சம், ஒரு பல்லில் தேநீர்க் கறை என்று வேண்டுமென்றே அத்தனை குறையும் வைத்துச் செய்து கொடுத்தான். அத்தை சிரித்துப் பார்த்தாள். பிறகு நிஜமாகவே சிரித்தாள்.

அவனும் சும்மா இருந்ததில்லை. ஒரே நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சலித்துப் பொய் சொல்லும், நடுநடுவே சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று தன் தொழில் பழக்கத்தை அவளுக்குச் சொன்னான். அவள் அன்றே ஒரு சாம்பல் அட்டை வெட்டி, வரையும் சட்டத்தில் செருகிக்கொண்டாள்.

கண்புரை வந்தது அதற்கப்புறம். வலக்கண்ணில் அறுவை செய்து கட்டைப் பிரித்த அன்று, மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு தலையணை உறையையே மாறி மாறி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பார்வை வரவில்லையோ என்று மகள் பதறிவிட்டாள். விஷயம் அதுவல்ல. புதுக்கண்ணுக்குத் தலையணை பால் வெள்ளை, ஓரத்தில் நீலம்கூட ஓடியது. பழைய கண்ணுக்கு அதே தலையணை பழுத்த காகிதம். "இத்தனை நாளா இதையா வெள்ளைன்னு நம்பிக்கிட்டிருந்தேன்," என்றாள். அடுத்த மாதம் இடக்கண்ணுக்கும் செய்துவிடலாம் என்றார் மருத்துவர். அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அசையவில்லை. "ஒரு உலகத்துக்கு ரெண்டு உலகமா கெடைச்சிருக்கு டாக்டர். ஒண்ணை எதுக்கு விடணும்?"

அதன்பிறகு எதை வரைந்தாலும் இரண்டு முறை. இடது பக்கத்தில் இடக்கண் பார்த்தது, வலது பக்கத்தில் வலக்கண் பார்த்தது. ஒரே மரம், இரண்டு பச்சை. பொழுது சாயும்போது சிவப்புப் பூ முதலில் கறுத்துவிடுகிறது, நீலப் பூ கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது என்பதை வராந்தாவில் உட்கார்ந்து தானாகவே கண்டுபிடித்தாள். அது ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்த விஷயம்தான் என்று யாரோ சொன்னபோது, "அப்ப நான் பார்த்தது சரிதான்," என்று இன்னும் உற்சாகமானாள்.

அவன் மனைவிக்கு இதிலெல்லாம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை ஒருநாள் வேடிக்கைபோலச் சொன்னாள். இந்த வீட்டில் பாசிக்குப் படம் இருக்கிறது, மதகுக்கு இருக்கிறது, அடுத்த வீட்டு நொண்டிப் பூனைக்குக்கூட இருக்கிறது, பெற்ற பெண்ணுக்கு இல்லை. "நீ எங்கடி நிக்கிற? மரம்னா நிக்கும்," என்று அத்தையும் வேடிக்கையாகவே பதில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு மனைவி வெகுநேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்ததை அவன் கவனித்திருந்தான்.

முற்பகலில் அத்தைக்கு மூச்சு இன்னும் திணறியது. மனைவி போனை எடுத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வரட்டும், ஆக்ஸிஜன் வைக்கட்டும், இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்றாள். மருத்துவர் சொன்னதை அவன் நினைவுபடுத்தினான். அங்கே கொண்டுபோனால் கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். "அந்தக் கொஞ்சம் எனக்கு வேணும்," என்றாள் அவள்.

படுக்கையிலிருந்து அத்தைதான் கூப்பிட்டாள். "பாப்பா. அங்க விளக்கு எல்லாம் குழல் விளக்கு. ஒரு கலரும் உருப்படியா தெரியாது."

இத்தனை வயதான மகளைப் பாப்பா என்றுதான் இன்னமும் கூப்பிடுவாள். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன் திரை அணைந்தது. மறுபடி அதை அவள் எழுப்பவில்லை.

"இப்படி வந்து உக்காரு. ஜன்னல் பக்கம், அந்த ஸ்டூல்ல."

"எதுக்கும்மா?"

"உக்காரேன்."

அவள் உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. கையில் கைப்பிடித் துணி அப்படியே இருந்தது. வெயில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அவன் தூரிகையை எடுத்துக் காகிதத்தைப் பக்கத்தில் இழுத்தான்.

"வேணாம் மாப்பிள்ளை, வைங்க," என்றாள் அத்தை. "இது சும்மா பார்க்க."

வலக்கண்ணால் பார்த்தாள். இடக்கண்ணால் பார்த்தாள். பிறகு இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், நெற்றியிலிருந்து முகவாய் வரை, தோளிலிருந்து விரல்கள் வரை பார்த்தாள். புறாவையும் பாசியையும் அவள் அப்படிப் பார்த்து அவன் கண்டிருக்கிறான். அதைவிட இது நிதானமாக இருந்தது. பார்க்கப்படுகிறவள் கைப்பிடித் துணியை ஒருமுறை மடித்து, மறுபடி பிரித்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று அவனுக்கு பயமாக இருந்தது. அவள் போகவில்லை.

"காதுக்குள்ள வெயில் பூந்து வருது," என்றாள் அத்தை. "என்ன ஒரு சிவப்பு. ரெண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பு."

மகள் கையைத் தூக்கிக் காதைத் தொடப் போனாள்.

"அசையாத. நீ பொறந்த அன்னைக்கும் உன்னை ஜன்னலுக்குத் தூக்கிக்கிட்டுப் போயி இதைத்தான் பார்த்தேன். நர்ஸம்மா திட்டுனாங்க. அப்ப அதைக் கலக்குறதுக்கு எங்கிட்ட பெட்டி இல்ல. பெட்டி வந்தப்புறமும் அந்தச் சிவப்பு வரல." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "எத்தனையோ தரம் உன்னை வரைஞ்சு பார்த்தேன். நீ லோடு விஷயமா போன்ல பேசிக்கிட்டு நிப்பியே, அப்பல்லாம். எல்லாத்தையும் கிழிச்சுட்டேன். பொய்யா வந்துச்சு."

தூக்கிய கையை மகள் மடியில் இறக்கினாள். அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே யாரோ படியேறிப் போனார்கள். கீழே ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து, பிறகு கிளம்பிப் போயிற்று. அத்தையின் கை அவன் கைக்குள் இருந்தது. மூச்சு ஒன்று வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று வந்தது. அவன் அடுத்ததற்காகக் காத்திருந்தான். காத்திருந்துகொண்டே இருந்தான்.

கண்கள் திறந்துதான் இருந்தன, மகளின் பக்கமாக.

அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தவன், ஸ்டூலில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, முகம் நனைய நனைய துடைக்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். வெயில் மெல்ல நகர்ந்தது. அந்தச் சிவப்பு காதின் ஓரத்துக்கு வந்து, மங்கி, சாதாரணக் காதாக ஆயிற்று.

"அசையலாமா?" என்று அவள் கேட்டாள். கேட்டது அவனிடம்.

"ம்," என்றான்.

பிறகு வீடு வீடாக இல்லை. நாற்காலிகள் வந்தன, செருப்புகள் வாசலில் குவிந்தன. மனைவி மறுபடி அலுவலகத்துக்காரி ஆனாள். யாருக்குச் சொல்ல வேண்டும், யார் எந்த வண்டியில் வருகிறார்கள், எல்லாம் அவள் வாய் வழியாக நடந்தது. அத்தையின் வாய் உள்ளொடுங்கிப் போயிருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான். மூச்சுத் திணறலுக்காக முந்தின நாள் கழற்றிவைத்த பல்செட் கிண்ணத்துத் தண்ணீரில் இருந்தது. இனி அதெல்லாம் எதற்கு என்று ஒரு உறவுக்காரர் முணுமுணுத்தார். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பல்செட்டைத் துடைத்து, நாடிக்கட்டுத் துணியை இறுக்குவதற்கு முன் நிதானமாகப் பொருத்தினான். கன்னம் மேலெழுந்து அவள் முகம் அவளிடம் திரும்பி வந்தது. தேநீர்க் கறை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "சொந்தப் பல்லா? இந்த வயசுலயா?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் ஆமாம் என்றான்.

பொதுப்பணி அலுவலகத்தில் அத்தையோடு வேலை பார்த்த கிழவர் ஒருவர் கைத்தடியோடு மாடியேறி வந்து, மூச்சிரைக்க உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த ஜோடிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்தம்மா கோடு போட்டா சாக்கடைத் தண்ணிகூட படத்தைப் பார்த்துக்கிட்டு ஓடும்," என்றார் மனைவியிடம். "இதெல்லாம் பண்ணுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதே." மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு பரவாயில்லை என்பதுபோல அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, ஒவ்வொரு படமாக அழைத்துப்போய்க் காட்டினாள். எந்தப் பக்கம் எந்தக் கண் என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள். ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்து அவன் தன் பல் கூடத்தைத் திறந்த அன்று ஒரு பெண் வந்து காத்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. குழாயடியில் வழுக்கி விழுந்து முன்பல் உடைந்திருந்தது. வகுப்பில் வாயை மூடிக்கொண்டே பாடம் நடத்துவதாகவும், அதனால் பிள்ளைகள் அவளைக் கோபக்காரி என்று நினைத்து பயப்படுவதாகவும் சொன்னாள். அவன் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நிறம் ஒத்துப்பார்க்கும் மாதிரிப் பற்களின் வரிசையை எடுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் வெளியே மேகம் மூடிக்கொண்டது. சுவரிலிருந்த குழல் விளக்கு சுவிட்சை அவன் பார்த்தான். அதைப் போடவில்லை.

"ரொம்ப நேரம் ஆகுமா சார்?" என்று கேட்டாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டு.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றான். "வெயில் வந்துடட்டும்."

இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.