இடது பெட்டி

ஸ்டீரியோவின் இடது பெட்டி மந்தமாகக் கேட்கிறது என்று அண்ணன் சொன்னது அது நான்காவது முறை. தம்பி அளவு நாடாவை மறுபடி விரித்தான். சுவரிலிருந்து ஒன்றரை அடி, இரண்டுக்கும் சரி. பெட்டிகளுக்கு இடையே ஆறடி, ஒவ்வொன்றிலிருந்தும் அண்ணனின் நாற்காலிக்கு ஆறடி. பெட்டிக்குள் மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு வரும்படி அடியில் மரக்கட்டை, எதிரொலிக்காமல் இருக்கத் தரையில் கம்பளம், ஜன்னலில் தடித்த திரை. எல்லாம் ஒலியமைப்பு மாலை வகுப்பில் படித்தபடிதான். ஆனாலும் தன் வேலையில்தான் எங்கோ கோளாறு என்று நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அண்ணன் கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். மூன்று வாரமாக வீட்டில் இருந்தான். வண்டியைப் பின்னால் எடுத்தபோது இடப்பக்கம் நின்ற சக தொழிலாளி நெட்டையனின் காலில் சக்கரம் ஏறிவிட்டது. ரெண்டு தடவை கத்தினேன் என்று ஆஸ்பத்திரியில் நெட்டையன் சொன்னான். கத்தவே இல்லை, சத்தியம் என்றான் அண்ணன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நாளை காலை விசாரணை. அண்ணன் சொல்லச் சொல்ல வாக்குமூலத்தைத் திருத்தமாக எழுதித் தந்தது தம்பிதான். 'அவர் எந்தக் குரலும் கொடுக்கவில்லை' என்ற வரிக்கு, அண்ணி சொன்னாள் என்று, அடிக்கோடும் போட்டிருந்தான். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று பரணிலிருந்து ஸ்டீரியோவை இறக்கச் சொன்னது அண்ணன்.

"என்னடா இன்ஜினியரு, இன்னுமா முடியல?"

"இருண்ணே. ஒயர மாத்திப் பாக்கறேன்."

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வலது ஒயரை இடதில் செருகினான். அப்போதும் இடதுதான். பெட்டிகளையே இடம் மாற்றினான். அப்போதும் இடதுதான்.

"அளந்து அளந்தே தரை தேஞ்சுடும் போல" என்று சமையலறையிலிருந்து அண்ணி சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

மாற்றுவதற்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லும்போது தம்பிக்கு வேறெந்த நினைப்பும் இல்லை.

"அண்ணே, நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகக் காட்டி உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தான். கண்ணை மூடிக் கேட்டான். "இடதுதான்டா" என்று கையைப் பின்னால் நீட்டியபடியே திரும்பிப் பார்த்தான். ஒரு நிமிடம் முன்பு கணீரென்று இருப்பதாக மெச்சிய அதே பெட்டியை விரல் காட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை மடக்கவில்லை.

"என்ன, சரியாயிடுச்சா?" கையைத் துடைத்தபடி வந்த அண்ணி இருவர் முகத்தையும் பார்த்து நின்றாள்.

"அளவுல தப்பு பண்ணிருப்ப" என்றான் அண்ணன், மெதுவாக. "நீ எப்பவும் எதையாவது கோட்ட விடுவ. சொல்லுடா. விட்டுட்டேன்னு சொல்லு."

ஆமாம் என்று தலையாட்டுவது தம்பிக்குப் பழகிய காரியம். கழுத்து வரை வந்துவிட்டது.

"இல்லண்ணே. அளவு சரியாத்தான் இருக்கு."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் எழுந்து போய்ப் பெட்டியின் முன் மண்டியிட்டான். வலது காதை விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டு இடது காதைப் பெட்டியின் துணியில் வைத்தான்.

"ஏத்து" என்றான்.

தம்பி திருகினான். ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது.

"ஏத்துடா."

அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.