ஜீவிய சரித்திரத்தில் ஒரு வரி

பேராசிரியர் யேசுரத்தினம் இறந்த மறுநாள் காலையிலும் அவர் மகள் ஜினிக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சபைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்து, தங்கள் பங்குக்கு அழுது, அவள் தோளை நனைத்துவிட்டு முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்கள். அவள் "இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். முன்கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். டை கட்டிய அப்பாவை அவள் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு கனவானின் சாவுக்கு வந்திருப்பதுபோல இருந்தது.

அம்மா ஜெபகுமாரி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய இருமலைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அழ வந்தது. ஜினிக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அவளுக்கென்று ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. அருமனைப் பக்கத்துச் சபைகளில் ஜீவிய சரித்திரம் வாசிக்காமல் யாரையும் குழியில் இறக்குவதில்லை. பிறப்பு, படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், கடைசி நோய் என்று ஒரு மனுஷனை ஒரே தாளில் அடக்கி, அடக்க ஆராதனையின் நடுவில் வீட்டார் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். பெண்டாட்டியை வாழ்நாளெல்லாம் அடித்தவனும் அந்தத் தாளில் அன்பான கணவராகத்தான் இருப்பான். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். எல்லோருக்கும் ஒருநாள் அந்தத் தாள் தேவைப்படும் அல்லவா?

எழுதியவர் பெரியப்பா ராஜமணி. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிவப்பு மசிப் பேனாவை மட்டும் இன்னும் ஓய்வு பெற விடாதவர். தாளை ஜினியிடம் நீட்டினார்.

"நீதான் வாசிக்கணும் மக்கா. மோளு வாசிச்சாதான் எடுப்பா இருக்கும்."

ஜினி வாசித்துப் பார்த்தாள். ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தது, அந்த வட்டாரத்திலேயே முதல் எம்.காம்., முனைவர் பட்டம், அடக்கவிலைக் கணக்கியலை நடத்தினால் கடைசி பெஞ்சும் எழுதிக்கொண்டிருக்கும் என்ற பேர், பிறகு பல்கலைக்கழக நிதி அலுவலர் பதவி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் அவள் கண் நின்றது. 'பெற்ற மகளுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக்கூட, விதி இடம் தரவில்லை என்று நிறுத்திய உத்தமர்.'

"இந்த வரி வேண்டாம் பெரியப்பா."

"ஏட்டி, அதுதானே அவனுக்க பேரு! அத எடுத்துட்டா பின்ன அவன் யாரு, எல்லாரயும்போல ஒரு வாத்தியாரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊரில் அப்பாவுக்கு இருந்த பேரே அந்த வரிதான். சரி என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். பல வருஷங்களுக்கு முன் வணிகவியல் துறையில் இரண்டு நிரந்தரப் பணியிடங்கள் வந்தன. தேர்வுக் குழு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஒருத்தி ஜினி. இன்னொருத்தி அவளோடு படித்த குலசேகரத்துக்காரி இந்துஜா. கோப்பு நிதி ஒப்புதலுக்காக அப்பாவின் மேசைக்குப் போனது. அப்பா ஆட்சேபம் எழுதித் திருப்பினார். அது மறுபடி சுற்றி வருவதற்குள் அரசாணையின் காலம் முடிந்து இரண்டு பணியிடங்களும் இல்லாமல் போயின. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அப்பாவே சொன்னார். "விதி இடம் தரல்ல மக்கா." சொல்லிவிட்டுப் புளிசேரி கேட்டார். அவள்தான் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு இருவரும் அதே துறையில் கௌரவ விரிவுரையாளர்கள். அந்தப் பதவியில் கௌரவம் பெயரில் மட்டும்தான். ஏப்ரலில் வேலை போகும், ஜூனில் திரும்ப வரும், நடுவில் யாரைப் பார்த்தாலும் சிரிக்க வேண்டும். ஜினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் "வேல நிரந்தரமா?" என்று கேட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு வருவதும் நின்றது. அவள் அப்பாவை வெறுக்கவில்லை. விதி என்றால் விதி, மழை மாதிரி, அதோடு என்ன சண்டை போடுவது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததால்தான் இத்தனை வருஷமும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட முடிந்தது.

பத்து மணி வாக்கில் துணைப் பதிவாளர் குமாரதாஸ் மாலையோடு வந்தார். அப்பா நிதி அலுவலராக இருந்தபோது அவருக்குக் கீழே கோப்புகளைப் பார்த்தவர். பந்தலில் உட்கார்ந்ததும் பலாச் சக்கைக் கதையை ஆரம்பித்தார். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் நல்ல வருக்கைச் சக்கை ஒன்றை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனாராம். சார் உள்ளே எடுக்கவுமில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் விடவில்லை. தனக்குச் சொந்தமில்லாததைத் தான் எப்படித் தானம் பண்ணுவது என்று கேட்டாராம். சக்கை கேட்டுக்கு வெளியே கிடந்து பழுத்து, வெடித்து, தெருவே மணத்து, பிறகு தெருவே நாறியது. பந்தலில் எல்லோரும் மெதுவாகச் சிரித்தார்கள். அந்த நாற்றம் ஜினிக்கும் நினைவிருந்தது.

அவள் காப்பி கொடுத்தபோது குமாரதாஸ் குரலைத் தாழ்த்தினார்.

"மோளே, உனக்க கோப்ப எடுத்து வச்சதே நான்தான். அதுல ஒரு குத்தமும் இல்ல, கேட்டியா? நிதி இருக்கு, ஆணை இருக்கு, எல்லாம் சரி. நாங்க சொன்னோம், சார், ஒப்பு போடுங்கன்னு. அதுக்கு அவரு, யேசுரத்தினம் மோளுக்கு வேல போட்டுட்டாம்னு நாளைக்கு நாலு பேரு சொல்லுவானுவளே குமாரதாஸ்னு கேட்டாரு. ஆட்சேபம் எழுத ஒரு காரணம் கிடைக்கவே ரெண்டு நாளு விதிப் புத்தகத்தப் புரட்டினாரு. அப்படியொரு மனுஷன் இனிப் பொறப்பானா?"

அவர் கண் நிறைந்திருந்தது. புகழ்ந்துதான் சொன்னார், பாவம்.

"அப்போ இந்துஜா?" என்று ஜினி கேட்டாள்.

"எந்த இந்துஜா?"

ஜினி காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. அடுக்களையில் நின்று தம்ளர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கழுவினாள். விதி இல்லையென்றால் இத்தனை வருஷம் எதைச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள்.

பிற்பகலில் ஆலயம் நிறைந்து, வெளியிலும் ஆட்கள் குடை பிடித்து நின்றார்கள். போதகர் தலையசைத்ததும் ஜினி எழுந்து போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். பிறப்பை வாசித்தாள், படிப்பை வாசித்தாள். குரல் ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்தது, வருகைப் பதிவேடு வாசிக்கிறமாதிரி. அந்த வரி வந்தது. நிமிர்ந்தாள். பின்வரிசையில் இந்துஜா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

'அன்றைக்கு நின்றது இரண்டு பேருடைய வேலை. விதி ஒன்றும் தடுக்கவில்லை. என் அப்பா பயந்துவிட்டார்.' இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்த இடத்தில் அப்படியே நின்றாள்.

ஆலயத்தில் முதலில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க விசும்பல் பரவியது. "பிள்ளைக்குத் தொண்ட அடச்சிப்போச்சே" என்றாள் ஒருத்தி. பாடகர் குழுவின் தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டதாக நினைத்து ஆர்மோனியத்தைத் தொட, குழு ஒரு பாட்டை எடுத்தது. பாட்டு முடிந்ததும் பெரியப்பா வந்து அவள் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த வரியை இரண்டு தடவை, இரண்டாம் தடவை இன்னும் உரக்க வாசித்தார். போதகரும் பிரசங்கத்தில் அதையே எடுத்து ஆபிரகாம் பெற்ற மகன் ஈசாக்கைப் பலியிடப் போனதோடு சேர்த்துவிட்டார். ஈசாக்காவது கடைசியில் தப்பித்தான் என்று ஜினிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமும் வரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சாரல் விழுந்தது. மண் போட்டு முடிந்து அம்மாவைக் காரில் ஏற்றிய பிறகு, ஜினி மதிலோரம் ஒதுங்கி நின்றாள். இந்துஜா வந்து குடையை இருவருக்குமாகப் பிடித்தாள்.

"கோப்புல ஒரு குத்தமும் இல்லயாம்" என்றாள் ஜினி.

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. எங்க மாமா அந்த நிதி ஆபீசுலதான வேல பாத்தாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"உனக்க அப்பால்லா ஏட்டி" என்றாள் இந்துஜா. "வீட்டுக்குப் போயி அவருக்கு நீ சோறு போடணுமே."

இத்தனை வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள். ஜினியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது குமாரதாஸ் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றைத் தாண்டி வந்தார். குடை பிடித்து நிற்பவளை யாரோ உறவுக்காரி என்று நினைத்திருப்பார்.

"மோளே, பதிவாளர் சொல்லச் சொன்னாரு. அந்தப் பணியிடத்துல ஒண்ணுக்கு மறுபடி ஆணை வந்திருக்கு. அப்பா இருக்கிறவரைக்கும் உனக்கு வேண்டி வாயத் திறக்க எங்களுக்குத் தைரியம் இல்ல. பழைய தேர்வுப் பட்டியல வச்சே போட்டுரலாம். உனக்க பேருதான் முதல்ல கிடக்கு. நீ ஒரு வார்த்த சரின்னு சொன்னா போதும்."

சரி என்றால் போதும். ஏப்ரல் இல்லை, ஜூன் இல்லை, யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டாம். ஜினி குடைக்கம்பியைப் பிடித்திருந்த இந்துஜாவின் விரல்களைப் பார்த்தாள்.

"புதுசா விளம்பரம் போடச் சொல்லுங்க சார்" என்றாள். "முறையா வரட்டும்."

குமாரதாஸ் இரண்டு கையையும் கூப்பினார். "அப்பனுக்க மோளுதான் நீ. நான் போயி அப்படியே சொல்லுகேன்." திரும்பிப் போகும்போது எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனார். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்துஜா குடையை இறக்கிவிட்டாள்.

"எனக்கு வேண்டியா சொன்ன?"

ஜினி கேட்டுப் பக்கம் போகிற குமாரதாஸைப் பார்த்தாள்.

"புதுசா விளம்பரம் போட்டா இனச்சுழற்சியில இடம் வேற பிரிவுக்குல்லா போவும்? எனக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது. அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஜினி தன்னையே கேட்டுப் பார்த்தாள். நேர்மை என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்த நேரம் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிறவள் என்ன நினைப்பாள் என்ற பயம். அந்தப் பயத்தால் இந்துஜாவுக்குக் குன்றிமணி அளவு நன்மையும் இல்லை.

"போயி அவரக் கூப்பிடு" என்றாள் இந்துஜா. "போ ஏட்டி. நான் ஒண்ணும் நினைக்கல்ல. நீயாவது வாங்கிக்கோ."

குமாரதாஸ் கேட்டருகில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா பெருமையில் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஜினி வாயைத் திறந்தாள். இத்தனை பேருக்கு முன்னால், சொன்னதை மாற்றிச் சொல்ல அவளால் முடியவில்லை. குமாரதாஸ் வண்டியில் ஏறினார். வண்டி ரோட்டில் இறங்கிப் போயிற்று.

விதிப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்த மனுஷன் அப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தார். அந்த இரண்டு நாளும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. யாருடையதோ ஒரு கல்லறையின் ஈரத் திண்டில் உட்கார்ந்து, ஜினி வாய்விட்டு அழுதாள். "அப்பாடா, அழுதுட்டா" என்று பெண்கள் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்றார்கள். இந்தத் தடவை அவர்கள் சொன்னது சரி.